பெயர் சொல்லிக் கூப்பிட்டான்

"குனி! குனி! தலையத் தூக்காத!"

படகுக்காரன் ஜிர்ஜிஸ் கத்துகிறான். துடுப்பு தண்ணீரை அடிக்கிறது. நான் படகுக்குள் கீழே கிடக்கிறேன். கன்னத்துக்குக் கீழே ஈரப் பலகை. கீல் நாற்றம். அம்மா என் மேல் கவிழ்ந்திருக்கிறாள். அவள் எலும்புகள் என் முதுகில் குத்துகின்றன. தம்பி பூத்ரோஸ் எங்கள் இருவருக்கும் நடுவில். அவன் அழவில்லை. அழுவதற்கு அவனிடம் தெம்பில்லை.

டப்.

கரையிலிருந்து வருகிறது. மலை அதைத் திருப்பிச் சொல்கிறது. டப். பிறகு தண்ணீரில் ஒரு கீறல், துணியைக் கிழிப்பதுபோல. குண்டு கடலுக்குள் போகும் சத்தம் அது. அன்றுதான் முதலில் கேட்டேன்.

விடிகிறது. விடிந்திருக்கக் கூடாது. இருட்டோடு இருட்டாக வெளிப் பாறையைத் தாண்டியிருக்க வேண்டும். காற்று ஏமாற்றிவிட்டது. பாய் துவண்டு தொங்குகிறது. அப்பா பின்பக்கம் சுக்கானைப் பிடித்துக்கொண்டு மடங்கி உட்கார்ந்திருக்கிறார்.

கரையில் துருக்கிச் சிப்பாய்கள். சத்தம் கேட்டு ஓடி வந்தவர்கள் இல்லை. முன்பே அங்கே இருந்தார்கள். கடற்சுவரின் பின்னால் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

அப்போது ஒரு குரல்.

"இலியாஸ்! இலியாஸ்! நான்தான்! சுட மாட்டாங்க! நான் பேசிட்டேன்! திரும்பி வா!"

அப்பாவுக்குத் தெரிந்த குரல். எனக்கும் தெரிந்த குரல். ஞானஸ்நானத் தொட்டியில் என்னைக் கையில் ஏந்தியவனின் குரல்.

"எந்திரிக்காதீங்க," என்கிறாள் அம்மா.

அப்பா எழுந்து நின்றார்.

டப்.

* * *

என் பெயர் மரியம். மலாயாவில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் இருக்கிறேன். என் கணவர் சவரிமுத்து ரயில்வே பட்டறையில் பிட்டர். குழாயடியில் என்னை அரபு அக்கா என்பார்கள். பாசாரில் என் வாயிலிருந்து அரபு வார்த்தை வந்தால் மலாய்ப் பெண்கள் சலாம் சொல்வார்கள். பிறகு கழுத்தில் சிலுவையைப் பார்ப்பார்கள். குழம்பிப் போவார்கள்.

நான் மாரோனியக் கிறிஸ்தவள். அப்படி ஒரு கூட்டம் இருப்பது இங்கே யாருக்கும் தெரியாது. லெபனான் மலையிலும் அதன் அடியில் கடற்கரையிலும் நாங்கள் வாழ்கிறோம். போப்பாண்டவரை ஏற்றவர்கள். பேச்சு அரபு. பூசை சுரியானி. இயேசுநாதர் தம் தாயிடம் பேசிய பாஷை அதுதான் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். எங்கள் சாமியார்களில் பெண்டாட்டி பிள்ளை உள்ளவர்களும் உண்டு. இதை ஒருமுறை சொன்னபோது கிள்ளான் உபதேசியார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

என் ஊரின் பெயரை எழுத மாட்டேன். பத்ரூன் பட்டணத்துக்கு வடக்கே, நடந்து போகும் தூரம். கரையிலிருந்து கூப்பிட்டவனுடைய பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

இதைத் தமிழில் எழுதுகிறேன். எழுத்து என் கணவர் சொல்லிக்கொடுத்தது. பிழை இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஏன் தமிழில் என்பது போகப் போகத் தெரியும்.

* * *

போருக்கு முன்னால் எங்கள் ஊர் இப்படி இருந்தது.

கடலுக்குள் நீளமாக ஒரு கல் சுவர். யாரும் கட்டியதில்லை. பாறையையே செதுக்கி விட்டிருந்தார்கள். எந்தக் காலத்து மனிதர்கள் என்று யாருக்கும் தெரியாது. புயல் நாளில் அலை அதில் மோதும். ஊர் முழுவதும் பீப்பாய் உருளும் சத்தம். சுவருக்கு உள்பக்கம் தண்ணீர் கிண்ணத்துப் பால்போல அசையாமல் நிற்கும். குழந்தைகள் அங்கேதான் நீந்தப் பழகினோம்.

அப்பா கடற்பஞ்சு எடுப்பவர். இடுப்பில் கயிறு. கையில் ஒரு தட்டைக் கல். மூச்சை இழுத்துக்கொண்டு கல்லோடு கீழே போவார். கடலடிப் பாறையிலிருந்து பஞ்சை அறுத்துக்கொண்டு மேலே வருவார். கருப்பாக, வழுவழுவென்று, நாறும். மிதித்து, அலசி, வெயிலில் போட்டால் பொன்னிறமாகும். அவர் தண்ணீருக்குள் இருக்கும்போது அம்மா கரையில் நின்று தானும் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். அது அவளுக்கே தெரியாது. நான் பார்த்திருக்கிறேன்.

மலைச் சரிவெல்லாம் முசுக்கட்டை மரம். வீட்டுக்கு வீடு பட்டுப்புழு. வசந்த காலத்தில் எங்களுக்குப் படுக்க இடமிருக்காது. வீடு புழுக்களுக்கு. அவை இலை தின்னும் சத்தம் ஓட்டின் மேல் தூறல் விழுவதுபோல் இருக்கும். அந்தச் சத்தத்தில் தூங்கிப்போவேன்.

டிசம்பரில் பார்பரா திருநாள். கோதுமையை முழுசாக வேகவைத்து, சர்க்கரையும் மாதுளை முத்தும் போட்டு, தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் கொடுப்போம். மூன்று ராஜா திருநாளுக்கு முதல் இரவு மாவு பிசைந்து துணியில் கட்டி மரத்தில் தொங்கவிடுவோம். கிறிஸ்து நடு இரவில் தெரு வழியே போவார், மாவை ஆசீர்வதிப்பார் என்று நம்பிக்கை. ஈஸ்ட் போடாமலே காலையில் பொங்கியிருக்கும். அந்த மாவில் ஒரு பிடியை வருடம் முழுவதும் காப்பாற்றுவாள் அம்மா.

அம்மாவின் பெயர் ஹன்னா. எனக்கு அடுத்து தங்கை வர்தே. பிறகு பூத்ரோஸ். கடைசியில் கைக்குழந்தை மாரூன்.

மன்சூர் என்பவன் கோயில் நிலத்தின் காரியஸ்தன். படித்தவன். துருக்கி பேசுவான், பிரெஞ்சும் பேசுவான். மனு எழுத வேண்டுமென்றால் அவனிடம் போவார்கள். வழக்கு என்றாலும் அவனிடம். அப்பா ஒருமுறை கடலில் அவன் தம்பியைக் காப்பாற்றினார். அதிலிருந்து அண்ணன் தம்பிபோல. நான் பிறந்தபோது அவனே கேட்டு எனக்கு ஞானத்தகப்பன் ஆனான். பண்டிகைக்குப் பண்டிகை எனக்குச் சட்டைத் துணி கொண்டு வருவான். அவன் மடியில் உட்கார்ந்து எண்ணக் கற்றேன். இதையும் எழுத வேண்டும். இதை விட்டால் மீதி புரியாது.

* * *

1914. துருக்கி ராஜாங்கம் போரில் சேர்ந்தது. கடலை இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் அடைத்தார்கள். கரையைத் துருக்கிக்காரன் அடைத்தான். படகு எடுக்கக் கூடாது. மீன் பிடிக்கக் கூடாது. பஞ்சு எடுக்கக் கூடாது. கழுதைகளைப் பட்டாளம் கொண்டுபோனது. ரயில் எஞ்சினுக்கு விறகாக முசுக்கட்டை மரங்களை வெட்டினார்கள்.

1915. வெட்டுக்கிளி வந்தது. பகலில் வெயில் மங்கியது. நாங்கள் மேகம் என்று நினைத்தோம். பிறகு சத்தம். பட்டுப்புழு தின்னும் அதே சத்தம், ஆயிரம் மடங்காக. பெண்கள் தகரத்தையும் சட்டியையும் தட்டிக்கொண்டு ஓடினோம். "கிணத்த மூடு! பிள்ளையத் தூக்கு!" என்று கூச்சல். சாயங்காலம் மரங்களில் பட்டைகூட இல்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் மன்சூர் பீடத்துக்கு முன்னால் வந்து நின்றான்.

"பட்டாளம் வீடு வீடா வந்து தானியத்த எடுக்கப் போகுது. இருக்கறத எல்லாம் கோயில் நிலவறையில போடுங்க. கோயிலுக்குள்ள அவங்க வர மாட்டாங்க. சாவி என்கிட்ட இருக்கும். மாசா மாசம் நானே அளந்து தர்றேன்."

பீடத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தான்.

ஊர் முழுவதும் சுமந்துகொண்டு போனது. ஒவ்வொரு வீட்டுச் சாக்குக்கும் ஓர் அடையாளம். எங்கள் சாக்கில் அம்மா சிவப்பு நூலால் ஒரு மீன் தைத்தாள். நான்தான் ஊசியில் நூல் கோத்தேன்.

இரண்டு முறை அளந்து கொடுத்தான். மூன்றாம் முறை போனபோது நிலவறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே எலிகூட இல்லை. மன்சூர் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். பட்டாளம் வந்து எடுத்துப் போய்விட்டது என்றான். யாரும் பட்டாளத்தைப் பார்க்கவில்லை. ஆனால் அழுதவன் மன்சூர். நம்பினோம்.

பிறகு பசி.

அதை எப்படி எழுதுவது? புல் பூண்டு தின்றோம். எலுமிச்சைத் தோல் தின்றோம். பட்டாளக் குதிரைச் சாணத்தில் தானியம் பொறுக்கினோம். நான் பொறுக்கினேன். என் கையால். பக்கத்து வீட்டுக் கதவு ஒருநாள் திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. பிறகு எந்தக் கதவு திறக்காவிட்டாலும் யாரும் தட்டவில்லை.

மாரூன் முதலில் போனான். அம்மாவிடம் பால் வற்றிவிட்டது. வர்தே அடுத்து. அவளுக்கு ஏழு வயது. அன்று காலையில் எழுந்து, "அக்கா, எனக்குப் பசி போயிருச்சு," என்றாள். சந்தோஷமாகச் சொன்னாள். மத்தியானம் இறந்தாள். கோயில் மணி அடிக்கவில்லை. மணி அடிப்பவர் அதற்கு முன்பே போய்விட்டார்.

* * *

அம்மா ரொட்டிக்காகத் தன் கல்யாணக் கம்மலை எடுத்துக்கொண்டு பத்ரூனுக்கு நடந்து போனாள். வெறுங்கையோடு திரும்பி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"நம்ம சாக்கு," என்றாள். "சந்தையில ஒரு வியாபாரியோட வண்டியில. என் மீன். என் தையல்."

அப்பா நம்பவில்லை. பட்டாளமே விற்றிருக்கும் என்றார். அம்மா அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்பா மன்சூரிடம் போய் நேராகக் கேட்டார். அதுதான் அவர் குணம். மன்சூர் அவரைக் கட்டிக்கொண்டு அழுதானாம். "நீயா என்னச் சந்தேகப்படுற?" என்றானாம். அப்பா வெட்கப்பட்டுத் திரும்பி வந்தார்.

வடக்கே அர்வாத் என்று ஒரு தீவு. பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து வைத்திருந்தார்கள். அங்கே போனால் ரொட்டி. ஜிர்ஜிஸ் என்ற படகுக்காரன் தன் படகைப் பாறைக் குகையில் ஒளித்து வைத்திருந்தான். அப்பாவும் அவனும் பேசி முடிவு செய்தார்கள்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க," என்றாள் அம்மா.

"மன்சூர்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போறேன். நாளைக்கு அவனும் பிள்ளைங்களோட வரணும்ல."

"அவன்கிட்டச் சொல்லாதீங்க."

"ஹன்னா, அவன் மரியத்துக்கு ஞானத்தகப்பன்."

சொன்னார். ஒருவனிடம் மட்டும்தான் சொன்னார்.

* * *

அப்பா மல்லாந்து விழுந்தார். படகு சாய்ந்தது. "துடுப்பு! துடுப்பப் பிடி!" என்று ஜிர்ஜிஸ் என்னைப் பார்த்துக் கத்தினான். பிடித்தேன். வலித்தேன். நான் திரும்பிப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். கடற்சுவரின் மேல் மன்சூர் நின்றான். கம்பளிக் கோட்டு. தலையில் துருக்கித் தொப்பி. கையை வாயில் குவித்து வைத்திருந்தான். அவனுக்குப் பக்கத்தில் சிப்பாய் மறுபடியும் தோட்டா போட்டுக்கொண்டிருந்தான். யாரும் மன்சூரைப் பிடித்திருக்கவில்லை. யாரும் அவன் மேல் துப்பாக்கி நீட்டவில்லை.

வெளிப் பாறை தாண்டியதும் காற்று வந்தது.

அப்பா உச்சிவேளை வரை உயிரோடு இருந்தார். பேசினார். "மன்சூரையும் சுட்டுட்டாங்களா?" என்று கேட்டார். "பாவம், அவன் நம்மளுக்காக வந்தான்," என்றார். அந்த நம்பிக்கையோடு போய்ச் சேர்ந்தார். அம்மா அதைக் கலைக்கவில்லை.

சாயங்காலம் ஒரு பிரெஞ்சுக் கப்பல் எங்களைக் கண்டது. அர்வாத் மணலில் அப்பாவைப் புதைத்தோம். ஒரு சிப்பாய் பூத்ரோஸுக்கு ரொட்டி கொடுத்தான். முழு ரொட்டி. தம்பி இரண்டு கையாலும் பிடித்துச் சாப்பிட்டான். எங்களுக்குத் தெரியாது. ஒட்டிப்போன வயிற்றுக்கு ரொட்டி விஷம். மறுநாள் விடியுமுன் இறந்தான். அம்மா அந்தக் குளிர்காலத்தில் காய்ச்சலில் போனாள்.

என்னை போர்ட் சைத் பட்டணத்துக்கு அனுப்பினார்கள். கன்னியர் மடம். போர் முடியும்வரை அங்கே தரை துடைத்தேன்.

* * *

போர் முடிந்தபின் ஒருவர் மடத்து வாசலில் வந்து நின்றார். அம்மாவின் சாயல். அதே மூக்கு. என் தாய்மாமன் ஹபீப். நான் பிறக்கும் முன்பே ஊரைவிட்டுப் போனவர். கப்பல் மாறிக் கப்பல் மாறி மலாயாவுக்கு வந்து சேர்ந்தவர். அக்கா குடும்பத்தைத் தேடி இவ்வளவு தூரம் வந்தார். மிச்சம் இருந்தது நான் ஒருத்தி.

கிள்ளானுக்கு அழைத்து வந்தார். ஆரம்பத்தில் மாமா தலையில் பெட்டி சுமந்து ரப்பர்த் தோட்டம் தோட்டமாகப் போனவர். ஜெஞ்சாரோம் பக்கம், கேரித் தீவுக்குச் சம்பான் படகில். பெட்டியில் ரிப்பன், பொத்தான், கண்ணாடி, ஜெபமாலை, துணி. லயத்து வீடுகளில் இருந்த பெண்கள் அவரைப் பாய் என்று கூப்பிட்டார்கள். அவர் சிலுவையைக் காட்டிச் சிரிப்பார். அவர்களிடம்தான் தமிழ் கற்றார். நான் வந்தபோது கிள்ளானில் மாடியோடு கூடிய துணிக்கடை வைத்திருந்தார்.

வந்த முதல் வாரமே எல்லாவற்றையும் சொன்னேன். சாக்கு. மீன். குரல். மாமா தரையில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். "அவன் என் கண்ணுல படட்டும்," என்றார். "இந்தக் கையாலயே." கையைத் தூக்கிக் காட்டினார்.

எனக்கு நல்ல இடத்தில் கல்யாணம் செய்து வைத்தார். சவரிமுத்து கோயிலில் பாட்டுக் குழுவில் இருந்தவர். அரபுக்காரி வேண்டாம் என்று அவர் வீட்டில் சொன்னார்கள். "அவளும் மாதாவைத்தானே கும்பிடுறா," என்று சொல்லிக் கட்டிக்கொண்டார். பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தேன். பிள்ளைகள் பிறந்தார்கள். தமிழில் சண்டை போடக் கற்றேன். மாதம் ஒரு ஞாயிறு ரயிலேறிக் கிள்ளானுக்குப் போவேன். மாமாவோடு அரபு பேசுவேன். இந்த நாட்டில் என் பாஷை பேச எனக்கு இருந்தது அவர் ஒருவர்தான்.

* * *

போன வருடம் மாமாவே பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தார்.

"வர்ற ஞாயித்துக்கெழம வீட்டுல விருந்து. நம்ம ஊர்லேருந்து ஒரு பெரிய மனுசர் வர்றாரு. நீயும் மாப்பிள்ளையும் கண்டிப்பா வரணும்."

"யாரு மாமா?"

"வந்து பாரு."

எனக்கு எவ்வளவு சந்தோஷம். ஊர்க்காரர் ஒருவர். இத்தனை வருடம் கழித்து. எங்கள் தெருவில் யார் பிழைத்தார்கள் என்று கேட்கலாம். புதுச் சேலை கட்டிக்கொண்டேன். எங்கள் ஊர் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

மாடிப்படி ஏறுகிறேன். பாதிப் படியில் நின்றுவிட்டேன்.

குரல். மேலேயிருந்து. மாறவே இல்லை.

"என்ன மரியம்?" என்றார் சவரிமுத்து.

சொன்னேன். "திரும்பிப் போயிரலாம்," என்றார்.

"இல்ல. நான் அவனப் பாக்கணும்."

கிழவனாகியிருந்தான். தங்கச் சங்கிலி. அதே துருக்கித் தொப்பி. கோட்டில் பிரெஞ்சுப் பதக்கம். எழுந்து இரண்டு கையையும் விரித்தான். "மரியம்! என் ஞானப் பிள்ளை!" கண்ணில் தண்ணீர். எங்கள் வழக்கப்படி முத்தமிடக் கையை நீட்டினான்.

மாமா என் தோளைப் பின்னாலிருந்து அழுத்தினார். "கைய முத்தம் பண்ணு," என்றார் அரபில்.

நான் அசையவில்லை. மாமா சிரித்துக்கொண்டே மற்றவர்களிடம் தமிழில் சொன்னார்: "பிள்ளைக்கு அதிர்ச்சிலா. எதிர்பார்க்கல."

கிள்ளான் உபதேசியார் இருந்தார். தோட்டத்துக் கணக்கு பார்க்கும் கிராணிமார் இரண்டு பேர் மனைவிகளோடு இருந்தார்கள். எல்லாம் கடை வாடிக்கைக்காரர்கள். சாப்பாடு பரிமாறினார்கள். மன்சூர் அரபில் பேசினான். மாமா தமிழில் சொன்னார்.

பஞ்சத்தில் ஊருக்குச் சோறு போட்டவர் இவர்தான் என்றார் மாமா. கோயில் நிலவறையைத் திறந்து ஏழைகளுக்குத் தானியம் அளந்தவர் என்றார். உபதேசியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமா என்னைப் பார்க்கவில்லை. ஒரு முறைகூட.

நான் மன்சூரிடம் அரபில் கேட்டேன். சத்தம் போடவில்லை.

"எதுக்கு எங்க அப்பாவக் கூப்பிட்டீங்க?"

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். மேசையில் எங்கள் மூவரைத் தவிர யாருக்கும் அரபு தெரியாது என்று அவனுக்குத் தெரியும். முகத்தில் அந்தச் சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு சொன்னான்.

"கூப்பிடச் சொன்னாங்க. கூப்பிட்டேன். கூப்பிடலேன்னா என்னைச் சுட்டிருப்பாங்க. உங்க அப்பன எந்திரிச்சு நிக்கச் சொன்னது யாரு? படுத்துக் கெடந்திருந்தா பொழச்சிருப்பான். எந்திரிச்சது அவன் முட்டாள்தனம்."

"என்ன சொல்றாரு முதலாளி?" என்று உபதேசியார் மாமாவைக் கேட்டார். "அம்மா முகமே மாறிப் போச்சே."

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா, சொல்லுங்க, என்று மனசுக்குள் கேட்டேன்.

"இவ அப்பாவ நெனச்சு மனசு ஒடஞ்சு பேசுறாரு," என்றார் மாமா. "எவ்வளவோ கூப்பிட்டாராம். காப்பாத்த முடியாமப் போச்சேன்னு சொல்றாரு."

அப்போதுதான் எனக்கு எல்லாம் போனது. கடற்சுவரில் அவன் நின்றபோதுகூட இப்படி இல்லை.

எழுந்தேன்.

"இல்ல," என்றேன் தமிழில். "அவர் சொன்னது அது இல்ல."

"மரியம்! வாய மூடு!" என்று மாமா பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் சொன்னார்.

"சொல்லட்டும் மாமா," என்றார் சவரிமுத்து. அவரும் எழுந்து என் பக்கத்தில் நின்றார்.

சொன்னேன். அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் தமிழில் திருப்பிச் சொன்னேன். அவன் சொல்லாததையும் சொன்னேன். நிலவறை. சாக்கு. சுவருக்குப் பின்னால் காத்திருந்த சிப்பாய்கள். எழுந்து நின்ற அப்பா. நான் பேசும்போது மன்சூர் எல்லாரையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது. நான் அவனைப் புகழ்ந்து பேசுகிறேன் என்று நினைத்தான். நெஞ்சில் கை வைத்து எனக்கு நன்றி சொன்னான்.

ஒரு கிராணியின் மனைவி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். உபதேசியார் தொண்டையைச் செருமினார். "பழைய கதம்மா. விருந்து வீட்டுல வச்சு இதெல்லாம்..." என்றார்.

நாங்கள் இறங்கினோம். மாமா படியில் பின்னாலேயே வந்தார்.

"கட போயிரும், மரியம்," என்றார். "ரப்பர் வெல கெடக்குற கெடப்பு ஒனக்குத் தெரியாதா? லயத்துல பாதி ஆளக் கப்பலேத்தி ஊருக்கு அனுப்பிட்டான். எவன் துணி வாங்குறான்? எவனும் கடனுக்குச் சரக்கு தர மாட்டேங்குறான். இவர் ஒருத்தர்தான் கூட்டு சேர்றேன்னு வந்தாரு."

"எங்க அம்மா உங்க அக்கா, மாமா."

"செத்தவங்க செத்துட்டாங்க. நான் உயிரோட இருக்கேன்ல? எனக்கும் புள்ளைங்க இருக்குல்ல?"

"அன்னிக்கு அழுதீங்களே."

"அழுதேன்," என்றார். "நெசமாத்தான் அழுதேன்." படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நான் கொண்டுபோன ரொட்டி மேலேயே இருந்துவிட்டது.

* * *

மன்சூர் அடுத்த கப்பலில் போனான். கடைக்குப் புதுப் பலகை வந்திருக்கிறது. இரண்டு பெயர் போட்டு. சவரிமுத்து பார்த்துவிட்டு வந்து சொன்னார். காய்ச்சல் வந்து மரியத்துக்குப் புத்தி பிசகிவிட்டது என்று மாமா வாடிக்கைக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். கோயிலில் சில பெண்கள் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். ஒருத்தி எனக்காக நவநாள் ஜெபம் சொல்கிறாளாம்.

மாமா ஒரு முறை ஆள் அனுப்பினார். விருந்தில் பேசியது காய்ச்சல் வேகத்தில் பேசியது என்று உபதேசியாரிடம் சொல்லிவிட்டால் பழையபடி வீட்டுக்கு வரலாமாம். "போறதும் போகாததும் ஒன் இஷ்டம்," என்றார் சவரிமுத்து. நான் போகவில்லை.

ஒருவர் மட்டும் வீடு தேடி வந்தார். விருந்தில் இருந்த கிராணி. தட்டைத் தள்ளியவளின் புருஷன். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"அன்னிக்கு நீங்க சொன்னத முழுசாக் கேக்கணும் அக்கா. எங்க வீட்டுல தெனமும் அதையே பேசுறா."

சொன்னேன். மழை வந்து நின்றது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தார்கள். அவர் வாசலை விட்டு நகரவில்லை. போகும்போது, "எழுதிருங்க அக்கா. அந்த ஆளு இன்னும் எத்தன ஊர்ல விருந்து சாப்பிடுவானோ," என்றார்.

அதனால் எழுதுகிறேன். என் பாஷையில் எழுதினால் படிப்பவர்கள் நம்ப மாட்டார்கள்; அவர்களுக்கு அவன் ஊரைக் காப்பாற்றிய பெரியவர். கேட்டவர்கள் தமிழர்கள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவள் ஒரு தமிழச்சி.

இழந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

மாரூன். நடக்கப் பழகவில்லை. வர்தே, ஏழு வயது. இரண்டு பேரும் ஊர்க் கோயிலின் பின்னால். அடையாளம் வைக்கவில்லை.

இலியாஸ், என் அப்பா. அர்வாத் மணலில். பக்கத்தில் பூத்ரோஸ். அம்மா ஹன்னா தீவின் மறுபக்கம், காய்ச்சலில் போனவர்களோடு ஒரே குழியில்.

ஜிர்ஜிஸ். எங்களை இறக்கிவிட்டு மற்றவர்களை அழைத்துவரத் திரும்பிப் போனான். வரவில்லை.

எங்கள் தெருவில் கிணறு முதல் கோயில் வரை பதினொரு வீடு. மடத்தில் இருந்தபோது ஊரிலிருந்து வந்த ஒரு கிழவியைக் கேட்டேன். இரண்டு வீட்டில் புகை வருகிறது என்றாள். அதில் ஒன்று மன்சூர் வீடு.

ஒரு வீடு. கூரை பட்டாளத்துக்கு விறகாகப் போனது.

ஒரு பாஷை. என் பிள்ளைகளுக்கு அதில் எண்ணத் தெரியும், பத்துவரை. நான் பேச ஆளில்லை.

ஹபீப், என் தாய்மாமன். உயிரோடுதான் இருக்கிறார். கிள்ளானில், கடை மாடியில். அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.